இரண்டாகத் தெரிந்தால் இரட்டை அச்சா?

மார்கன் வெள்ளி டாலரைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது எழுத்தோ எண்ணோ இரண்டாகத் தெரிந்துவிட்டால் போதும், அரிய காசு கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அமெரிக்க நாணயச்சாலைகள் அடித்த இந்த டாலரைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான்.

இரண்டு முறை அடிபட்ட காசுதான் 'இரட்டை அச்சு' என்பது பலரின் எண்ணம். அப்படியல்ல. காசு ஒரே முறைதான் அடிபட்டது. பிழை அதற்கு முன்பே அச்சில் விழுந்துவிட்டது. புடைப்பான மூல அச்சை எஃகில் அழுத்தி, பள்ளமான வேலை அச்சைச் செய்வார்கள். ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. எஃகைச் சூடுகாட்டி இளக்கி மறுபடியும் அழுத்த வேண்டும். அப்போது மயிரிழை விலகினாலும், அந்த அச்சில் அடித்த காசு ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு இருக்கும். 1888-ல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த 'ஹாட் லிப்ஸ்' டாலர் இதற்கு அழகான சான்று. காசிலுள்ள லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் உதடும் மூக்கும் முகவாயும் இரண்டிரண்டாக நிற்கும். நன்றாகத் தேய்ந்த காசிலும் அந்த உதடு வெறுங்கண்ணுக்கே தெரியும்.

சந்தையில் அதிகம் புழங்குவது வேறொன்று. அடிக்கும் நேரத்தில் அச்சு ஆட்டம் கண்டு உராய்ந்தால், எழுத்தின் ஓரம் நசுங்கிப் பளபளப்பான தட்டைப் படி ஒன்று உண்டாகும். எழுத்து மெலிந்து போகும். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடிக்கும். இரு உருவங்களும் புடைத்து நிற்க, எழுத்து முனைகளில் பிளவு தெரியும். தட்டைப் படிக்குக் கூடுதல் விலை கிடையாது.

ஆண்டு எண் மட்டும் இரட்டித்திருந்தால்? 1904 வரை ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் ஒவ்வொரு வேலை அச்சிலும் தனியாகப் பொறித்தார்கள். முதல் பொறிப்பு கோணலானால் அதன்மேலேயே மறுபடி பொறிப்பார்கள். அது மறுபொறிப்பு, இரட்டை அச்சு அல்ல. இதிலும் அரியவை உண்டு. கார்சன் சிட்டி நாணயச்சாலையில் மிஞ்சிய பின்பக்க அச்சுகளில் 'சிசி' குறியின்மேல் 'ஓ' பொறித்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்தார்கள். 1900-ல் அடித்த அந்தக் காசுகளில் 'ஓ'வுக்கு அடியிலிருந்து பழைய குறி இன்றும் எட்டிப் பார்க்கிறது.

'வாம்' எண் இருந்தாலே விலை உயரும் என்பதும் தவறு. வான் ஆலன், மாலிஸ் இருவரின் பெயரால் அமைந்த அந்த அட்டவணையில் ஆயிரக்கணக்கான அச்சு வகைகள் உள்ளன. பெரும்பாலானவை சாதாரண விலைக்கே போகும்.

கூடுதல் பணம் கேட்டால், அட்டவணைப் படத்தோடு காசை ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டிப்பு அதே இடத்தில், அதே திசையில் இல்லையென்றால் சாதாரண டாலருக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள்.