பரணில் கிடக்கும் பிரிக் கேம் செத்துவிட்டதா?

1990-களில் அண்ணன்மார் ஆடிய 'பிரிக் கேம்' நம்ம ஊரில் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அட்டையில் 9999 கேம் என்று போட்டிருக்கும். அத்தனையும் வேறுவேறு என்று நம்பிடாதீங்க! கட்டம் அடுக்கும் ஆட்டம் மட்டும் அசல் சரக்கு. 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ்தான் அது.

எங்க அண்ணன் மெஷினைப் பார்த்த கடைக்காரர், "போர்டு போச்சு, எடைக்குப் போடு" என்றார். திறந்து பார்த்தேன். போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. செல் போடும் இடத்து ஸ்பிரிங்தான் அரிச்சிருந்தது. செல்லை உள்ளேயே விட்டா கசியும். அதோட காட்டுப்பள்ளியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய். உப்புக் காத்துல துரு சீக்கிரம் ஏறும்.

ஸ்பிரிங்கில் வெள்ளையாப் பூத்திருந்தா வெறுங்கையால் தொடாதீங்க. ஆல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். பஞ்சில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைக்கணும். (வகுப்பில் படித்த நடுநிலையாக்கல் இதுதான்.) சாதா கார்பன் செல்லில் கசிவது அமிலத்தன்மை உள்ளது, அதுக்குச் சமையல் சோடாத் தண்ணி. அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, நல்லாக் காயவிட்டு, உப்புத்தாளால் பளபளன்னு தேய்க்கணும்.

பட்டன் அமுங்கியும் வேலை செய்யலையா? ரப்பருக்கு அடியில் கருப்பாக் கார்பன் பொட்டு இருக்கும். போர்டில் கோடுகளை இணைப்பது அதுதான். செல்போன் ரிப்பேர்க் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாத் தொட்டுத் துடைச்சாப் போதும். அங்கே உப்புத்தாள் கூடாது. கார்பன் உரிஞ்சா பட்டன் பிழைக்காது.

ஆடி முடிச்சதும் செல்லைக் கழற்றி, மெஷினை மூடியுள்ள டப்பாவில் வையுங்க.