கதவு எண்ணும் ஒரு பூந்தொட்டியும்

இரண்டாமாண்டு இளமறிவியல் (இயற்பியல்) மாணவர்

‘முகவரி’ என்னும் சொல்லிலேயே ‘முகம்’ அடங்கியிருக்கிறது. மனிதனுக்கு முகம் எப்படியோ, வீட்டுக்குக் கதவு எண் அப்படி. அந்த முகம் அழிந்துபோனால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆண்டு நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

திருவொற்றியூரில் கடலுக்கு அருகே ஒரு சந்தில் எங்கள் வீடு. தந்தையார் துறைமுகத்தில் சுமை தூக்குபவர். தாயார் பள்ளிக்கூடம் அறியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி ஓர் அறக்கட்டளை என் பெயருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வீடு தெரியாமல் அது திரும்பிப் போனதை, தேதி கடந்தபின் விசாரித்தபோதுதான் அறிந்தேன். யாரைக் குறை சொல்வது? எங்கள் வாசலில் இருந்த தகரப் பலகையைத் துரு தின்றுவிட்டது. சுவரில் கரியால் எழுதி வைத்த எண்ணை மழை கழுவிவிட்டது. “நம்ம வீடு எல்லாருக்கும் தெரியுமேடா!” என்றார் அம்மா. தெருவுக்குத் தெரியும், தெருவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதே!

அதன்பின் மரத்தில் ஒரு பலகை செய்து, அதன் அடியில் ஒரு சிறு பூந்தொட்டியும் அமைத்தேன். அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

எண்ணின் கதை

வீட்டு எண் முதலில் மக்களின் வசதிக்காகப் பிறந்ததன்று. 1770இல் வியன்னா நகரில் வீடுகளுக்கு எண் இட்டது, படைக்கு ஆள் எடுக்கும் கணக்குக்காக. பாரிசில் 1805இல் தெருவின் ஒருபுறம் ஒற்றைப்படை, மறுபுறம் இரட்டைப்படை என்ற முறை வந்தது. நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. இராயபுரத்துக்கு 600 013, திருவொற்றியூருக்கு 600 019, எண்ணூருக்கு 600 057. இந்த ஆறு இலக்கங்களும் கடிதத்தை ஊர் அஞ்சலகம் வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வாசலுக்கு வழிகாட்டுவது கதவு எண்ணே.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு முகங்கள். திருவொற்றியூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. எல்லை மாறலாம், எண் மாறலாம். பழைய சான்றிதழ்களில் பழைய எண்தான் இருக்கும். ஆகவே பலகையில் இரண்டுமே இருக்கட்டும். புதிய எண் பெரிதாக, பழைய எண் சிறிதாக.

மரம் தேர்ந்தெடுத்தல்

தேக்கு வாங்க எனக்கு வசதி இல்லை. சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகைகள் எங்கள் பக்கத்துப் பழைய மரக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002இல் ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்ற பன்னாட்டு விதி வகுக்கப்பட்டது. அதன்படி பதப்படுத்திய மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதன் அருகே ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தப்பட்டது. முன்னதையே எடுங்கள். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ள பலகை எந்த முத்திரையோடு இருந்தாலும் வேண்டாம்.

உப்புக் காற்றும் திருகாணியும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். கடற்காற்றிலுள்ள குளோரைடு அயனிகள் அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்குகின்றன. எங்கள் தகரப் பலகையின் மரணத்துக்கு இதுவே காரணம். எனவே சாதாரண ஆணி வேண்டாம். எவர்சில்வர் திருகாணி வாங்குங்கள். அதிலும் 316 என்ற வகையில் மாலிப்டினம் கலந்திருப்பதால், 304ஐ விட உப்பை நன்றாகத் தாங்கும்.

எண் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

இங்கே என் பாடம் உதவியது. குறையற்ற கண், நல்ல வெளிச்சத்தில், 5 கலை (ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு) கோணம் அமைக்கும் எழுத்தைப் படித்துவிடும். 10 மீட்டர் தொலைவில் அது சுமார் 1.5 செ.மீ. உயரம். ஆனால் மிதிவண்டியில் வருபவர் மாலை மங்கலில் படிக்கவேண்டுமே! அதனால் ஐந்து மடங்காக்கி 7.5 செ.மீ. வைத்துக்கொண்டேன். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எண்.

செய்முறை

9 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் உள்ள பலகைகளை எடுத்துக்கொண்டேன். 60 செ.மீ. நீளத்தில் மூன்றை நெடுக்காக, ஒன்றுக்கொன்று 3 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, பின்புறம் இரண்டு குறுக்குச் சட்டங்களில் திருகினேன். ஈரம் பட்டால் மரம் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான் உப்பும்; ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த இடைவெளி தேவை. குறுக்குச் சட்டங்கள் பலகையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவதால் காற்றும் ஓடும்.

கீழ்ப்பகுதியில் முன்புறம் இரண்டு பலகை உயரத்துக்கு (18 செ.மீ.) ஒரு பெட்டி. உள் ஆழம் 14 செ.மீ. அடிப்பலகையில் 12 மி.மீ. துளைகள் ஐந்து. முதலில் நான் துளையே போடவில்லை. ஒரே மழையில் தண்ணீர் தேங்கிச் செடி அழுகிற்று. பெட்டியின் உட்புறம் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதிலும் அதே இடங்களில் துளையிடவேண்டும். மரத்துக்கு முதலில் பிரைமர், காய்ந்தபின் இரண்டு பூச்சு எனாமல். அறுத்த முனைகளில் கூடுதலாக ஒரு பூச்சு; நீரை அதிகம் குடிப்பது அந்த முனைகளே.

பெட்டி சுமார் 5 லிட்டர் மண் கொள்ளும். நனைந்த மண்ணும் மரமும் சேர்ந்து 10 கிலோ வரை வரும். ஆகையால் சுவரில் நான்கு இடங்களில் துளையிட்டு, பிளக் வைத்து, எண் கண்மட்டத்தில் வரும்படி மாட்டினேன்.

மண்ணும் செடியும்

கடற்கரை மணலைப் போடாதீர்கள். அதில் உப்பு உண்டு. செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. உயரமாக வளரும் செடி எண்ணை மறைத்துவிடும். ‘டேபிள் ரோஸ்’ என்று நாம் சொல்லும் பத்துமணிப் பூச்செடி தாழ்ந்து படரும். வெயிலையும் வறட்சியையும் தாங்கும்.

“எண்ணுக்குப் பலகை போதாதா, தொட்டி எதற்கு?” என்று தந்தையார் கேட்டார். பழைய தகரம் அழிந்தது உப்பால் மட்டுமன்று. அதை யாரும் பார்க்காததாலும்தான். சுவரில் அறைந்துவிட்டு மறந்துவிட்டோம். செடியை அப்படி மறக்க முடியாது. தினமும் ஒரு குவளை தண்ணீர் கேட்கும். அம்மா காலையில் தண்ணீர் ஊற்றும்போது, எண்ணின்மேல் படிந்த தூசியையும் உப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது; ரூபாய் நோட்டிலும் பேருந்திலும் பழகி எண் தெரியும். எங்கள் முகவரியில் அவரால் படிக்க முடிந்த பகுதி அது ஒன்றுதான்.

தவறிய உதவித்தொகை தவறியதுதான். இவ்வாண்டு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், இரண்டு எண்களையும் எழுதி. எங்கள் சந்தில் மேலும் மூன்று வீடுகளுக்கு இதேபோல் செய்து கொடுத்தேன்.

நண்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி நின்று, முன்பின் அறியாதவரைப் போல் பாருங்கள். எண் தெரிகிறதா? தெரியவில்லையென்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்கு வேலை இருக்கிறது.