கலைஞர் கூட்டுறவும் கிராமத்துக் கலைக்கூடமும்

கூட்டுறவு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கடன் சங்கமும், பால் சங்கமும், நெசவாளர் சங்கமுமே ஆகும். ஓவியம் தீட்டுவோரும் சிலை வடிப்போரும் ஒன்றுகூடித் தம் உழைப்பால் நிலம் வாங்கி, வீடு கட்டி, தம் படைப்புகளை வைத்து விற்கத் தமக்கே உரிய கலைக்கூடமும் அமைத்துக்கொள்ள இயலுமா? இயலும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ஆம் ஆண்டில் தோன்றிய சோழமண்டல் கலைஞர் கிராமமே அது. அதன் வரலாற்றிலிருந்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறியத்தக்க பாடங்கள் சிலவற்றை இங்கே தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

தொழிலே முதல்

சென்னையில் 1850-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் நிறுவிய கலைப் பள்ளி, பின்னர் அரசினர் கலைத் தொழிற் பள்ளியாக வளர்ந்தது. 1957 முதல் 1967 வரை அதன் தலைவராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். ஆண்டுதோறும் தேறி வெளியேறும் மாணவர்கள் பிழைப்பை நாடி வேறு வேலைகளுக்குச் சென்று, கற்ற கலையைக் கைவிட நேர்வதை அவர் கண்டார். படம் விற்றால்தான் உணவு என்னும் நிலையில், வாங்குவோர் மிகச் சிலரே இருந்த அந்நாளில், ஓவியன் எங்ஙனம் வாழ்வான்?

இவ்வினாவிற்கு அவரும் அவருடைய மாணவர்களும் கண்ட விடை எளியது. பகற்பொழுதில் ஒரு பகுதியைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குவது. அதன் வருவாயைக் கொண்டு வயிற்றைக் கழுவி, எஞ்சிய பொழுதில் தம் மனத்திற்குகந்த கலையைப் படைப்பது. அவர்கள் மேற்கொண்ட கைத்தொழில்களுள் முதன்மையானது பாத்திக் என்னும் மெழுகுச் சாய வேலையாகும். துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவிப் பின்னர்ச் சாயத்தில் நனைப்பர். ஒவ்வொரு நிறத்திற்கும் இவ்வாறே செய்து, இறுதியில் மெழுகை நீக்கினால் சித்திரம் வெளிப்படும். பெரிய இயந்திரமோ பெருமுதலோ இதற்கு வேண்டுவதில்லை. இவ்வேலையை ஒழுங்குசெய்ய அவர்கள் கலைஞர் கைத்தொழிற் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். அப்பொருள்கள் விற்றுச் சேர்ந்த பணமே நிலம் வாங்க உதவிற்று.

மணலில் எழுந்த ஊர்

வாங்கிய நிலம் கடலோரத்து மணற்பாங்கான பூமி. பயிருக்கு அவ்வளவாக உதவாதது. அங்கே எளிய குடிசைகளில் கலைஞர்கள் குடியேறினர். படிப்படியாக வீடுகளும், வேலைக்கூடங்களும், நிலையான கலைக்கூடமும் எழுந்தன. 1970-ஆம் ஆண்டில் பாரதி பெயரால் திறந்தவெளி அரங்கு ஒன்று அமைந்தது. அதில் நாடகமும், இசையும், கவிதை வாசிப்பும் நிகழ்ந்தன. 2009-ஆம் ஆண்டில், சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைக் காக்கும் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது. ஈஞ்சம்பாக்கம் ஊராட்சி 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் பிறந்த கலைஞர் குடியிருப்பு, நாட்டின் புகழ்பெற்ற கலை நிலையங்களுள் ஒன்றாக ஓங்கியமை நாம் மகிழத்தக்கதே.

இக்கிராமத்தை நிருவகிப்பதும், கலைக்கூடத்தின் வழியே படைப்புகளை விற்பதும் அக்கலைஞர்களின் சங்கமே. வீடு அவரவருடையது; படைப்பும் அவரவருடையது; விற்பனைக்கூடமும் அரங்கும் அனைவர்க்கும் பொது. தனித்து நின்றால் எந்தக் கலைஞனாலும் கட்ட இயலாத ஒன்றைக் கூடி நின்றோர் கட்டினர் என்பதே இதன் சாரம்.

வடதுருவத்தருகே ஒரு சங்கம்

இது கற்றவர்க்கு மட்டுமே கைகூடுவது என்று எவரேனும் கருதலாம். அவர்களுக்காக மற்றொரு சான்று கூறுவோம். கனடா நாட்டின் வடகோடியில், முன்னர் கேப் டார்செட் என வழங்கிய கின்கைட் என்னும் சிற்றூர் உள்ளது. அது பனி மூடிய நிலம். ஏர் பிடிக்க வழியில்லை. அங்கு வாழும் இனுயிட் மக்கள் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். அவ்வூரார் 1959-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அவர்கள் வரைந்த சித்திரங்களைக் கல்லிற் செதுக்கி, மை தடவித் தாளில் பதித்து, ஆண்டுதோறும் ஒரு தொகுப்பாகச் சங்கம் வெளியிட்டு வருகிறது. அவற்றை உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்கள் வாங்குகின்றன. கெனோஜுவாக் அஷெவாக் என்னும் பெண்மணி 1960-இல் வரைந்த ஆந்தைச் சித்திரம் 1970-இல் அந்நாட்டு அஞ்சல் தலையில் இடம்பெற்றது. அதே சங்கம் ஊராருக்குப் பலசரக்குக் கடையும் நடத்துகிறது. கலைக்கூடமும் அரிசிக்கடையும் ஒரே சங்கத்தின் இரு கைகளாக இயங்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நமக்கு இது எதற்கு?

குடிநீரும் சாலையும் காத்திருக்கையில் கலைக்கூடம் எதற்கு என்று உழவர் கேட்பது நியாயமே. குடிநீருக்குரிய பணத்தை எடுத்துக் கலைக்கூடம் கட்டுமாறு நாம் கூறவில்லை. ஆயினும் நம் ஊர்களில் நிகழ்வதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை வனையும் வேளார், கோரைப்பாய் நெய்யும் குடும்பத்தார், பனையோலைப் பெட்டி முடையும் பெண்டிர் ஆகியோர் இன்றும் உள்ளனர். தம் பொருளுக்கு விலை கூறும் உரிமை இவர்களுள் பலருக்கு இல்லை. வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதே விலை. பட்டணத்துக் கடையில் அப்பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் அவர்கள் அறியார். தந்தையின் தொழிலில் கஞ்சிக்கும் வழியில்லை என்று கண்ட மகன் ஊரை விட்டுச் செல்கிறான். அவனோடு பல தலைமுறையின் கைத்திறனும் செல்கிறது. ஒரு முறை அற்றுப்போன கைத்திறனை எந்தத் திட்டத்தாலும் மீட்பது அரிது.

கட்டடம் முதலில் எழும்பி, ஆளும் தொழிலும் இன்றிப் பூட்டிக் கிடப்பதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். மேற்கூறிய இரண்டு இடங்களிலும் முதலில் விலைபோகும் பொருள் உண்டாயிற்று. அடுத்துச் சங்கம் உருவாயிற்று. கலைக்கூடம் அதன் பின்னரே நிலைபெற்றது. இவ்வரிசையை மாற்றலாகாது. தொடக்கத்தில் ஊராட்சியின் பயன்படாத ஓர் அறையும், சந்தை நாளிலும் திருவிழாவிலும் பொருள்களைப் பரப்ப ஓரிடமும் போதும்.

விதிகளை முன்னரே வகுத்தல்

சங்கம் அமைப்போர் சிலவற்றை எழுத்தில் தெளிவாக்குதல் நலம். உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரே வாக்கு. விற்ற தொகையில் எவ்வளவு பொது நிதிக்கு என்பது முன்னரே முடிவாக வேண்டும். உதாரணமாக, 100 ரூபாய்க்கு விற்ற பொருளில் 80 ரூபாய் செய்தவர்க்கும் 20 ரூபாய் சங்கத்திற்கும் எனக் கொள்ளலாம். எப்பொருள் காட்சிக்கு ஏற்றது என்பதை உறுப்பினர் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவரின் உறவினர் பொருள் என்பதற்காக மட்டமானதை வைத்தால் வாங்குவோர் மறுமுறை வாரார். மாதந்தோறும் கணக்கைப் படித்துக் காட்டுதல் வேண்டும். உறுப்பினர் ஒருவர் மறைந்தாலோ விலகினாலோ அவர் பங்கு யாரைச் சேரும் என்பதையும் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். நிலத்தின் மதிப்பு உயர்ந்த பின்னர் இதனைப் பேசப் புகுந்தால் பூசலே மிஞ்சும்.

ஊராட்சிக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் கைத்திறன் உடையோர் எத்தனை குடும்பத்தினர்? அவர்தம் பிள்ளைகளுள் அத்தொழிலைக் கற்போர் எத்தனை பேர்?

2. அவர்கள் பொருளை இன்று வாங்குவோர் யார்? என்ன விலைக்கு வாங்குகின்றனர்? பட்டணத்தில் அதன் விலை என்ன?

3. அடுத்த திருவிழாவில் ஒரு பந்தற்கால் இடத்தை அவர்களுக்கென ஒதுக்க இயலுமா?

இம்மூன்றாம் வினாவிற்கு ஆம் என விடையளிக்கும் ஊராட்சி, ஒரு கலைக்கூடத்திற்குக் கால்கோள் செய்துவிட்டது என்றே நாம் கொள்வோம்.