ரத்தமா? மூலம் என்று முடிவு கட்டாதீர்கள்

ஆசனவாயில் ரத்தம் கசிந்தால் ‘மூலச்சூடு’ என்று எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதோடு விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் மூலம்தான். ஆனால் எச்.பி.வி. கிருமியால் வரும் ஆசனவாய்ப் புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

1. ரத்தமோ கட்டியோ வலியோ விடாமல் இருந்தால், தென்காசி அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்தாலே பல கட்டிகள் தட்டுப்படும். பஸ் ஸ்டாண்டு சுவரொட்டி வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

2. எச்.ஐ.வி. உள்ளவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) டாக்டரிடம் ஆசனவாய்ப் புற்றுநோய்ச் சோதனை பற்றிக் கேளுங்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். இவர்களில் ஆணோடு உறவுள்ள ஆண்களும் திருநங்கைகளும் 35 வயதிலிருந்து, மற்றவர்கள் 45-லிருந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். விஷயம் வெளியே போகுமோ என்று தயங்க வேண்டாம்: 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் ரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது.

3. இந்தச் சோதனைக்குப் பஞ்சுக்குச்சியில் மாதிரி கொடுக்கும் முன், முடிவில் கோளாறு தெரிந்தால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். உருப்பெருக்கிக் கருவியால் உள்ளே பார்த்துச் சதைத்துணுக்கு எடுக்கும் வசதி எல்லா ஊரிலும் கிடையாது. அது இல்லையென்றால் விரல் சோதனையே போதும்.

4. மாதிரி கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரம் எனிமா, களிம்பு, ஆசனவாய் உறவு தவிருங்கள், மாதிரி கெட்டுவிடும்.

5. முடிவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று வந்தால் சிகிச்சையைத் தள்ளாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 57 சதவீதம் குறைந்தது.

நேரில் கேட்கக் கூச்சமா? எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.