ஏரிக்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு: நோயுற்றோரை அழைத்துச் செல்வோருக்கு ஒரு பாடம்

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளிடம் சில மாதங்கள் தங்கிவரப் புறப்படும் மூத்தோர், பயணத்திற்கு முன் மருத்துவரைக் கண்டு மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவுக்குச் செல்வோரின் திட்டத்தில் கோயில், அருவி, அருங்காட்சியகம் ஆகியவற்றுடன் இப்போது இன்னொன்றும் இடம்பெறுகிறது. வார இறுதியில் காட்டிலோ ஏரிக்கரையிலோ கூடாரம் அடித்துத் தங்குவதே அது. "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அழைத்துப் போகலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வேண்டாம் என்று பொதுவாகத் தடுத்துவிட்டால், நோயாளர் வீட்டில் தனித்திருக்க, குடும்பம் வெளியே போகும். அல்லது அவர் பொருட்டு எவருமே போகாமல் இருந்துவிடுவர். இரண்டுமே மனத்துக்கு நலம் தருபவை அல்ல. ஆராயாமல் போகலாம் என்று சொல்லிவிட்டால், உதவி கிடைக்காத இடத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே இவ்விதழில் அத்தகைய இடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே ஓர் இரவைக் கழிப்பதற்கு வேண்டிய ஆயத்தங்களை நாம் முறையாகக் கற்போம்.

1. எத்தகைய இடம் அது?

கென்டக்கி, டென்னசி ஆகிய இரு மாநிலங்களில் பரவியுள்ள 'லேண்ட் பிட்வீன் த லேக்ஸ்' என்னும் பொழுதுபோக்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். டென்னசி ஆற்றையும் கம்பர்லாந்து ஆற்றையும் அணைகட்டித் தடுத்ததால் கென்டக்கி ஏரி, பார்க்லி ஏரி என இரு பெரும் நீர்த்தேக்கங்கள் உருவாயின. அவற்றுக்கு இடைப்பட்ட நிலமே இது. பரப்பு ஏறத்தாழ 1,70,000 ஏக்கர். 1963ஆம் ஆண்டு அதிபர் கென்னடியின் ஆட்சிக்காலத்தில் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1999 முதல் அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் உள்ளது.

இங்குள்ள சில முகாம்களில் மின்னிணைப்பு, குளியலறை, குழாய்நீர் எல்லாம் உண்டு. வேறு சில முகாம்கள் மிக எளியவை. கூடாரம் அடிக்கச் சமன்செய்த இடம், நெருப்பு மூட்டும் வளையம், நீர் ஊற்றிக் கழுவும் வசதியற்ற கழிப்பிடம் ஆகியவற்றுக்கு மேல் அங்கே அதிகம் எதிர்பார்க்க இயலாது. மின்சாரம் இராது; குடிநீர் இராது; பல இடங்களில் கைப்பேசி அலைவரிசையும் இராது. ஆகவே, முகாமைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே என்னென்ன இல்லை என்பதைக் கேட்டறிய வேண்டும். நோயாளருக்கு உகந்தது எது என்பதை அந்த இல்லாமைகளே தீர்மானிக்கின்றன.

2. யார் போகலாம், யார் தவிர்க்க வேண்டும்?

நோய் கட்டுக்குள் உள்ளவர். தம் மருந்தைத் தாமே அறிந்து உட்கொள்பவர். தரையிலிருந்து பிறர் கைகொடுக்க எழுந்து நிற்க இயல்பவர். இத்தகையோர், தம்மைக் கவனிக்கும் மருத்துவரின் ஒப்புதலுடன் ஓரிரவு தங்கலாம்.

அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர், புற்றுநோய் மருந்தேற்றத்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆனவர், அடிக்கடி மூச்சிரைப்போ வலிப்போ வருபவர், இரவில் எழுந்து திசையறியாமல் நடந்துவிடும் மறதிநோயாளர் ஆகியோர் கூடாரத்தில் இரவு தங்குவதைத் தவிர்ப்பதே நன்று.

தவிர்ப்பது என்றால் முற்றிலும் விலக்குவது என்று பொருளன்று. மேலே கூறிய பகுதியிலேயே 700 ஏக்கர் புல்வெளி ஒன்றில் எல்க் மான்களும் காட்டெருமைகளும் உலவுகின்றன. காரை விட்டு இறங்காமலேயே அவற்றைக் கண்டு வரலாம். பகலில் உடன் சென்று, ஏரிக்கரையில் அமர்ந்து உண்டு, மாலையில் திரும்பிவிடுவதும் பயணமே. நோயாளரிடம் இதனைக் குறையாகச் சொல்லாமல், அவருக்கென வகுத்த திட்டமாகவே சொல்லுங்கள்.

3. மருந்துப் பை

தங்கும் நாள்களுக்குரிய மருந்துடன் மேலும் இரண்டு நாளுக்குரியதைச் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். மழையால் சாலை தடைப்பட்டால் அது கைகொடுக்கும். மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று பையில் இருக்கட்டும். இந்தியாவில் வழங்கும் வணிகப்பெயர்களை அங்குள்ள மருத்துவர் அறிந்திருக்க மாட்டார்.

இன்சுலின் பயன்படுத்துவோர் இருவகை ஆபத்தைக் கருத வேண்டும். ஒன்று வெப்பம், மற்றொன்று உறைவு. திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரை கெடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பதானால் பனிக்கட்டி நேரே படாதவாறு துணியில் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. வெயிலில் நிறுத்திய காரில் அதனை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி உயரக்கூடும்.

காட்டில் நடை கூடும். உணவு நேரம் தவறும். ஆதலால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். உணவுப் பொருள்களைக் கூடாரத்தில் வைத்தால் ரக்கூன் முதலிய விலங்குகள் தேடி வரும் என்பதால், அவற்றைக் காரில் பூட்டிவைப்பது அங்குள்ள வழக்கம். இவ்வழக்கத்தைப் பின்பற்றும்போது குளுக்கோஸையும் சேர்த்துப் பூட்டிவிடக் கூடாது. இறுக மூடிய டப்பாவில் அது நோயாளரின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும்.

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதற்குக் கருவி பயன்படுத்துவோர், மின்கலத்தை வீட்டிலேயே ஓரிரவு முழுதும் இயக்கிப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

4. குடிக்கும் நீரும் குளிக்கும் நீரும்

ஏரிநீர் தெளிந்திருப்பதால் தூயது என்று கொள்ளலாகாது. போதிய குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்வதே சிறந்த வழி. அது தீர்ந்துவிட்டால், நீரை நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கலாம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குளோரின் மாத்திரைக்கு எளிதில் அழியாது. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு அது கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் நீரின்மேல் படலம் படர்ந்திருந்தால், அதில் இறங்கவும் கூடாது, அதைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தவும் கூடாது. அத்தகைய பாசியின் நச்சு கொதித்தாலும் நீங்காது. ஆறாத புண் உள்ளவரும், டயாலிசிஸுக்காகவோ மருந்தேற்றத்துக்காகவோ உடலில் குழாய் பொருத்தியவரும் ஏரியில் இறங்கலாகாது. கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளர் கரையிலும் செருப்பின்றி நடக்க வேண்டாம். குளிருக்கு நெருப்பின் அருகே பாதத்தை நீட்டவும் வேண்டாம். சுடுவது அவர்க்குத் தெரியாது.

5. இரவு

பொதுக் கழிப்பிடம் தொலைவில் இருப்பதை எண்ணி, மூத்தோர் பலர் மாலை முதலே நீரருந்துவதை நிறுத்திவிடுகின்றனர். சிலர் சிறுநீர் பிரிய உதவும் மாத்திரையையும் சொல்லாமல் தவிர்க்கின்றனர். முன்னது நீர்வறட்சியையும் தலைச்சுற்றலையும், பின்னது மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். இதன் மூலகாரணம் பெரும்பாலும் கூச்சமே. எனவே கூடாரத்துக்குள்ளேயே பயன்படுத்தத்தக்க மூடியுள்ள சிறுநீர்க் கலத்தை, அவர் கேட்கும் முன்பே நீங்கள் எடுத்து வையுங்கள். மாத்திரையைக் காலையிலேயே உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளும் முளைகளும் இருளில் கால் தடுக்கும். அவற்றின்மேல் வெள்ளைத் துணி கட்டுங்கள். நோயாளருக்குத் தலையில் அணியும் விளக்கும், தரையில் படுக்காமல் மடக்குக் கட்டிலும் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிடினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

6. நெருப்பும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

இப்பாடத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதானால் இதனை வையுங்கள்: கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்போ, கரியடுப்போ, எரிபொருள் விளக்கோ ஒருபோதும் எரியலாகாது. கூடாரத்தின் வாயில் திறந்திருந்தாலும் கூடாது. அணைந்துவிட்டதுபோல் தோன்றும் கரிக்கங்கைக் குளிர்காய உள்ளே கொண்டுவரவும் கூடாது.

அவற்றிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதற்குறிகள். உறங்குபவரோ விழிக்காமலேயே இறக்க நேரிடும். இதயநோயாளர், இரத்தசோகை உள்ளவர், கருவுற்ற பெண்கள் ஆகியோரை இது விரைவில் தாக்கும். கூடாரத்திலுள்ள இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி தோன்றினால் காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் அனைவரும் வெளியேறுங்கள். குளிருக்குக் கூடுதல் போர்வையும், தரைக்கும் படுக்கைக்கும் இடையே தடித்த விரிப்பும், உலர்ந்த மாற்றுடையுமே உரிய வழி.

ஆஸ்துமா நோயாளர் நெருப்பு வளையத்தில் காற்று வரும் பக்கம் அமர வேண்டும். ஆக்சிஜன் பயன்படுத்துவோர் நெருப்பின் அருகே செல்லவே கூடாது.

7. உண்ணி

அப்பகுதிக் காடுகளில் பாம்பைவிட அன்றாடம் எதிர்ப்படுவது உண்ணி. முதுகில் ஒற்றை வெண்புள்ளியுள்ள பெண் 'லோன் ஸ்டார்' உண்ணி அங்கு மிகுதி. உண்ணிக்கடியால் காய்ச்சல் நோய்கள் பரவுகின்றன. இவ்வகை கடித்த சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி ஒவ்வாமற் போகிறது. உண்ட 2 முதல் 6 மணி நேரம் கழித்தே தடிப்போ, வயிற்றுவலியோ, மூச்சடைப்போ தோன்றுவதால், காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

வெளிர்நிற முழுக்கைச் சட்டை அணிந்து, கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மாலையில் காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். குனிய இயலாத நோயாளருக்குப் பராமரிப்பாளரே பார்த்துவிட வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது ஆகிய பழைய முறைகள் வேண்டா.

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தோலில் சிவப்புத் தடிப்போ வந்தால், ஊர் திரும்பியிருந்தாலும், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கேட்கப்படாததால் சொல்லப்படாத அச்செய்தியே சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது.

8. உதவி தேவைப்படும்போது

அங்கே அவசர அழைப்பு எண் 911. அழைப்பவர் தாம் இருக்கும் மாவட்டம், முகாமின் பெயர், கூடார எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இவற்றைச் சென்றடைந்தவுடன் தாளில் எழுதி, மருந்துப் பையின் மேற்புறத்தில் ஒட்டுங்கள். கைப்பேசி இயங்கும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பகலிலேயே கண்டறியுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைக் கூறிச் செல்லுங்கள். மூத்தோருக்கு எடுத்துள்ள பயணக் காப்பீடு முன்பே உள்ள நோய்க்குப் பொருந்துமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

9. புறப்படுமுன் ஐந்து கேள்விகள்

அ. மின்சாரமின்றி ஓரிரவு கழித்தால் நோயாளரின் மருந்தோ கருவியோ பாதிக்கப்படுமா?
ஆ. இரவில் அவர் எழுந்தால் யார் உடன் எழுவார்?
இ. அருகிலுள்ள மருத்துவமனைக்குக் காரில் எவ்வளவு நேரமாகும்?
ஈ. வாகனம் ஓட்டத் தெரிந்தவர் இருவரேனும் உள்ளனரா?
உ. நோயாளர் உண்மையிலேயே வர விரும்புகிறாரா?

இறுதிக் கேள்வியை அவரிடம் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாமல் இசைபவர்களும் உண்டு. சுமையாகிவிடுவோமோ என்று அஞ்சி, ஆசையை மறைத்து மறுப்பவர்களும் உண்டு. முதல் நான்கு கேள்விகளுக்கு விடை தெளிவாகி, ஐந்தாவதற்கு அவர் மனமாரத் தலையசைத்தால், அடுத்த மருத்துவ ஆலோசனையின்போது இந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். எஞ்சிய ஐயங்களை உங்களுடன் அமர்ந்து நாங்கள் தீர்த்து வைப்போம்.