சித்திரை வெயிலும் சுண்டெலிக் கூண்டும்

அன்புள்ள யாழினி கண்ணு,

எம்.பார்ம். ஆய்வுக்காக விலங்குக் கூடத்தில் வேலை தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதில் பாதி முன்பே தெரியும். சித்திரையில் ஷெட்டில் நீர்த்துகள் தூவும் ஃபாகர் நின்றுபோனால் என்னவாகும் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டம் சோதனைகளைத் தடுக்கவில்லை. கண்காணிக்க வழி செய்தது. 1998 விதிகள் வந்த பிறகு, கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒரு சுண்டெலியைக்கூடச் சோதனைக்கு எடுக்க முடியாது.

விலங்குக் கூடங்களுக்கான வழிகாட்டு நெறிகளில் அளவுகள் இருக்கின்றன. 25 கிராமுக்கு மேற்பட்ட சுண்டெலி ஒன்றுக்குச் சுமார் 97 சதுர செ.மீ. தரை, உன் உள்ளங்கையளவுதான். அது குறைந்தபட்சம் என்பதை மறக்காதே. அறை வெப்பம் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காடு. நம் சேலம், நாமக்கல் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மின்சாரம் போய் ஏ.சி. நின்றால், ஜன்னலில்லாத அறை எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று நினைத்துப் பார். எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது. எச்சிலை ரோமத்தில் பூசி உடம்பைக் குளிர்விக்கும். ஜெனரேட்டர் தானாக ஓடுமா, ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யார் இருப்பார் என்று முதல் நாளே கேள். விடுமுறை நாளிலும் பராமரிப்பு தவறக் கூடாது என்பது விதி.

உமிப் படுக்கை நனைந்தால் அம்மோனியா கிளம்பும். நின்ற இடத்தில் உனக்கு நாற்றம் தெரியாவிட்டாலும் கூண்டுக்குள் அது மூச்சுக்குழாயை அரித்துக்கொண்டிருக்கும். குனிந்து, கூண்டின் மட்டத்தில் மோந்து பார். வெப்பத்திலும் நாற்றத்திலும் தவிக்கும் பிராணியின் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற மனஅழுத்த ஹார்மோன் ஏறும். சர்க்கரை அளவும் எதிர்ப்புச் சக்தியும் மாறும். நீ அளப்பது மருந்தின் வேலையையா, தவிப்பையா என்றே தெரியாது. அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், வேறு உயிர்களைக் கொண்டு. என்னால் பொறுக்க முடியாதது இந்த வீண் சாவுதான்.

இன்னொன்று, வாலைப் பிடித்துத் தூக்காதே. அப்படித் தூக்கினால் சுண்டெலிக்குப் பதற்றம் கூடுகிறது என்று ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். ஒரு குழாய்க்குள் ஏறவிட்டோ, இரு கைகளையும் குவித்தோ எடு. சோதனை தொடங்குமுன் சில நாள் இப்படியே எடுத்துப் பழக்கு. கூடத்தைப் பெருக்கும் அண்ணனுக்கும் சொல்லிக்கொடு. கூண்டு மாற்றும்போது உன்னைவிட அதிகமாக அவர்தான் அவற்றைத் தொடுகிறார்.

அன்புடன்,
பெரியப்பா
ராசிபுரம்