ஆலைக் கருவிகள் அளவு காக்கும் முறை

கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் அங்கத்தினர் எடைமேடையை உற்று நோக்குகிறார். அங்கு ஒரு பிசகு நேர்ந்தால் தமக்கு நஷ்டம் என்பதை அவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த எடைமேடைக்கு அப்பால், ஆலையின் உட்புறத்தில், கரும்புச் சாற்றுடன் சுண்ணாம்புப் பாலைக் கலக்கும் குழாயில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அதுவும் அவருடைய வருமானத்தைத் தொடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2009-10 பருவம் முதல் வழங்கிவரும் நியாய ஆதாய விலையானது சர்க்கரைக் கட்டுமானத்தோடு பிணைக்கப்பட்டதாகும். அடிப்படைக் கட்டுமானத்துக்கு மேல் ஏறினால் விலையும் ஏறும். குறைந்தாலோ, விலை அல்லது சங்கத்தின் இருப்பு, இரண்டில் ஒன்று தேயும். ஆகவே சாற்றிலுள்ள சர்க்கரை மூட்டைக்கு வந்து சேருமுன் வழியில் அழியாதபடி காக்கும் கருவிகளைப் பற்றி அங்கத்தினர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். சாயச் சாலைக்கும் பால் பண்ணைக்கும் இதே முறைகள் பொருந்துமாதலால், நெசவாளர்களும் இக்கட்டுரையைத் தமக்கு உரியதாகவே கொள்ளலாம்.

சாயத் தொட்டியின் அருகே நிற்கும் அனுபவசாலியை நினைத்துக்கொள்வோம். அவர் உஷ்ணமானியைப் பார்க்கிறார். வேண்டிய உஷ்ணத்தோடு மனத்தில் ஒப்பிடுகிறார். குறைந்திருந்தால் நீராவி வால்வைச் சற்றுத் திறக்கிறார். சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்க்கிறார். அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல், மறுபடியும் அளத்தல் என்று இச்செயல் ஒரு வட்டமாகச் சுழல்கிறது. ஆலைகளில் இதனை லூப் என்பர். நாம் கட்டுப்பாட்டு வட்டம் என்போம். அளக்கும் கருவி ஒன்று, ஒப்பிட்டு முடிவு செய்யும் கண்ட்ரோலர் ஒன்று, முடிவை நிறைவேற்றும் வால்வு ஒன்று, இவற்றுக்கு உட்படும் தொட்டியோ கொதிகலனோ ஒன்று: இவை நான்கும் சேர்ந்ததே வட்டம். நடந்த விளைவைப் பார்த்து அதற்கேற்பத் திருத்துவதால் இது பின்னூட்ட முறை எனப்படும்.

இவ்வுபாயம் புதியதன்று. காற்றாலைகளில் முன்பே கையாளப்பட்டு வந்த சுழல் குண்டுகளை 1788-ல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்துக்குப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும்; வேகம் தணிந்தால் குண்டுகள் இறங்கி நீராவியைக் கூட்டும். ஆயினும் சில இயந்திரங்களில் வேகம் ஓரிடத்தில் நில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தது. இதன் காரணத்தைக் கணித வழியில் ஆராய்ந்து, 1868-ல் மாக்ஸ்வெல் என்ற பேரறிஞர் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். திருத்துவதில் அவசரம் மிகுந்தால் திருத்தமே தொல்லையாகும் என்பது அன்று முதல் இன்றுவரை இத்துறையில் மாறாத உண்மை.

வட்டங்களுள் மிக எளியது முழுவதும் திறப்பது அல்லது முழுவதும் மூடுவது என்னும் முறை. இஸ்திரிப் பெட்டியில் உள்ளது இதுவே. பெரிய வெந்நீர்த் தொட்டி போன்று மெல்ல மாறும் பொருளுக்கு இது போதும். இரண்டொரு டிகிரி ஏறி இறங்குவதால் அங்கு கேடில்லை. அத்தகைய இடத்துக்கும் விலையுயர்ந்த கண்ட்ரோலரை வாங்கச் சொல்பவர்களிடம் சங்கத்தார் சற்று ஜாக்கிரதையாக இருக்கலாம். பால் பண்ணையிலும் இதற்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. பாலை 72 டிகிரியில் 15 விநாடியேனும் வைத்திருந்து கிருமி நீக்கும் இயந்திரத்தில், உஷ்ணம் குறைந்த உடனே ஒரு வால்வு திரும்பி, பாலை மீண்டும் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடுகிறது. பாதி பதனமான பால் என்று ஒன்று இருக்கக் கூடாதாகையால், அந்த வால்வுக்கு இடைநிலை கிடையாது.

சாயத் தொட்டிக்கு இம்முறை ஒவ்வாது. உஷ்ணம் ஏறி இறங்கினால் நூலில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஆகவே பிழையின் அளவுக்கேற்ப வால்வைத் திறக்கும் முறை வேண்டியிருக்கிறது. ஓர் உதாரணம் கொள்வோம். தொட்டியில் 80 டிகிரி இருக்க வேண்டும். 80 டிகிரியில் வால்வு நூற்றுக்கு 50 பங்கு திறந்திருக்கிறது. ஒரு டிகிரி குறைந்தால் இன்னும் 5 பங்கு திறக்கும்படி அமைத்திருக்கிறோம். இப்போது அதிகமான நூலை இறக்கியதால் வால்வு 70 பங்கு திறந்திருந்தால்தான் உஷ்ணம் நிலைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 பங்கு கூடுதலாகத் திறக்க வேண்டுமானால் 4 டிகிரி குறைந்திருந்தால்தான் ஆகும். எனவே தொட்டி 76 டிகிரியில் போய் நின்றுவிடும். 80-ஐ எட்டவே எட்டாது. இது கருவியின் பழுதன்று, அம்முறையின் இயல்பு. ஒரு டிகிரிக்கு 20 பங்கு திறக்குமாறு வேகப்படுத்தினால் குறை ஒரு டிகிரியாகச் சுருங்கும். ஆனால் வாட்டின் இயந்திரத்துக்கு நேர்ந்த அலைச்சல் இங்கும் வந்து சேரலாம்.

இக்குறையைத் தீர்ப்பது இரண்டாவது செயல். பிழை எவ்வளவு சிறியதாயினும், அது நீடிக்கும்வரை வால்வை மேலும் மேலும் நகர்த்திக்கொண்டேயிருப்பது இச்செயலின் தன்மை. பிழையைத் தொகுத்துக்கொண்டே போவதால் இதனைத் தொகைச் செயல் எனலாம். 76-ல் நின்ற தொட்டியை இதுவே 80-க்குக் கொண்டுவருகிறது. இதற்கும் ஒரு தீய குணம் உண்டு. பாய்லர் நின்று நீராவி வராத நேரத்திலும் தொட்டி குளிர்ந்திருப்பதைக் கண்டு, இது பிழையைத் தொகுத்துக்கொண்டே போகும். நீராவி வந்ததும் வால்வு அகலத் திறந்தபடியே இருந்து, உஷ்ணம் எல்லை கடந்து ஓடும். இக்காலக் கண்ட்ரோலர்களில் இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. அது பயனில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வேகச் செயல். பிழை எவ்வளவு என்று பாராமல், எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே தடுப்பது இது. மெல்ல மாறும் உஷ்ணத்துக்கு இது ஏற்றது. குழாயில் ஓடும் நீரின் அளவு போன்று கணந்தோறும் துடிக்கும் அளவுகளுக்கு இதைச் சேர்த்தால் வால்வு ஓயாமல் நடுங்கித் தேய்ந்துபோகும். இம்மூன்றும் சேர்ந்ததே பி.ஐ.டி. என்று ஆலைகளில் வழங்குவது.

இவற்றை எந்த அளவில் வைப்பது? சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1942-ல் ஒரு வழி கூறினர். முதல் செயலை மட்டும் வைத்துக்கொண்டு, அலைச்சல் கூடாமலும் குறையாமலும் ஒரே சீராக நிகழும் வரையில் அதன் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அந்நிலையில் டிகிரிக்கு 20 பங்கு என்றும், ஓர் அலைக்கு 6 நிமிஷம் என்றும் கண்டால், முதலிரண்டு செயல்களைச் சேர்த்து வைக்கும்போது முதல் செயலுக்கு 20-ல் 0.45 மடங்கான 9 பங்கும், தொகைச் செயலுக்கு 6-ஐ 1.2-ஆல் வகுத்த 5 நிமிஷமும் வைக்கலாம் என்பது அவர்கள் விதி. அனுபவத்தில் இவ்வளவு சற்று முரட்டுத்தனமாகவே இருக்கும்; 9-க்குப் பதிலாக 4 அல்லது 5-ல் தொடங்குவதே நமக்கு உசிதமாகப் படுகிறது. கொதிகலனில் இச்சோதனையைச் செய்து பார்க்கவே கூடாது.

இனிச் சுண்ணாம்பு வால்வுக்கு வருவோம். பிழிந்த சாறு இயற்கையில் சற்றுப் புளிப்பானது, அதன் பி.எச். அளவு 5.2 முதல் 5.5 வரை இருக்கும். சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்த்து அதனை 7-க்கு அருகில் நிறுத்துகிறார்கள். அளவு குறைந்து புளிப்பு நின்றுவிட்டால், பின்னால் சூடேறும்போது சர்க்கரை உடைந்து குளுகோஸாகவும் பிரக்டோஸாகவும் மாறும். அவை மூட்டையில் சேராமல் கழிவுப்பாகோடு போய்விடும். சுண்ணாம்பு மிகுந்தாலோ சாறு கறுக்கும். ஆவியாக்கும் குழாய்களில் உப்புப் படிந்து நீராவி வீணாகும். இருபுறமும் பள்ளம் உள்ள வரப்பின்மேல் நடப்பது போன்ற வேலை இது.

இங்கே வெறும் பின்னூட்டம் திணறுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. பி.எச். அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு மாறுதலைக் குறிக்கும். சாற்றிலுள்ள பிற பொருள்கள் இதை ஓரளவு தணித்தாலும், 7-ஐ நெருங்கும்போது சிறிது சுண்ணாம்பே பெரிய மாற்றத்தை உண்டாக்கும். மற்றொன்று தாமதம். சுண்ணாம்பு கலந்த இடத்திலிருந்து அளக்கும் கருவி வரையில் சாறு ஓடிவர நேரமாகிறது. அதுவரை கண்ட்ரோலருக்குத் தான் செய்ததன் விளைவு தெரியாது. தெரியாததால் மேலும் செய்கிறது. கருவியை எட்டத்தில் பொருத்திவிட்டுக் கண்ட்ரோலரைக் குறைகூறுவது நியாயமாகாது. தாமதத்தை எந்தக் கணக்காலும் முழுதும் வெல்ல முடியாது. குழாயைக் குறுக்குவதே முதல் பரிகாரம்.

இரண்டாவது பரிகாரம், விளைவு வரும்வரை காத்திராமல் காரணத்தையே அளப்பது. அரவை கூடினால் சாறு கூடும். சாறு கூடினால் சுண்ணாம்பு கூட வேண்டும். ஆகவே ஓடிவரும் சாற்றை அளந்து, அதற்கு ஒரே விகிதத்தில் சுண்ணாம்புப் பாலைச் செலுத்தலாம். இதுவே விகித முறை. காரணத்தைக் கண்டு முந்திச் செயல்படுவதால் முன்னூட்டம் என்ற வகையைச் சேர்ந்தது. ஆனால் சுண்ணாம்புப் பாலின் கெட்டி நாளுக்கு நாள் மாறும். கரும்பின் தன்மையும் வயலுக்கு வயல் மாறும். விகிதம் இவற்றை அறியாது. எனவே பி.எச். கருவியிலிருந்து வரும் பின்னூட்டம் அந்த விகிதத்தை மெல்ல மெல்லத் திருத்திக்கொடுக்க வேண்டும். முன்னூட்டம் பெரும்பகுதியைச் சுமக்க, பின்னூட்டம் மிச்சத்தைச் சரிசெய்வதே இவ்விடத்துக்கு ஏற்ற ஏற்பாடாகும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. சாற்றில் அமிழ்ந்திருக்கும் பி.எச். கருவியின் கண்ணாடி நுனியில் அழுக்கும் சுண்ணாம்பும் படியும். படிந்த நுனி உண்மையைச் சொல்லாது. கண்ட்ரோலரோ அது சொல்வதை வேதவாக்காகக் கொண்டு வால்வைத் திருப்பும். படத்தில் கோடு நேராக 7-ல் ஓடிக்கொண்டிருக்கும், சாறு கெட்டுக்கொண்டிருக்கும். முறைதோறும் நுனியைக் கழுவி, அளவு தெரிந்த கரைசலில் தோய்த்துச் சரிபார்க்கும் ஆளின் கூலியைச் சிக்கனம் என்று வெட்டுவது பெரும் பிசகு என்றே நாம் கருதுகிறோம்.

சாற்றைச் சூடேற்றும் இடத்தில் வேறு உபாயம் கையாளப்படுகிறது. அரவை தளர்ந்தால் நீராவியின் அழுத்தம் தாழும். அதன் விளைவு சாற்றின் உஷ்ணத்தில் தெரியச் சற்று நேரமாகும். ஆகவே உஷ்ணத்தைக் காக்கும் கண்ட்ரோலர் வால்வுக்கு நேரே கட்டளையிடாமல், நீராவி அழுத்தத்தைக் காக்கும் மற்றொரு கண்ட்ரோலருக்கு, இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று சொல்கிறது. உள் வட்டம் அழுத்தக் குறையை உடனே சரிசெய்துவிடும். இது அடுக்கு முறை. உள் வட்டம் வெளி வட்டத்தைவிடப் பல மடங்கு விரைவானதாக இருந்தாலன்றி இதனால் பயனில்லை.

கொதிகலனின் நீர்மட்டத்தைக் காப்பது இவையெல்லாவற்றிலும் சிக்கலானது, உயிருக்கும் உரியது. நீர் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். மிகுந்தால் நீராவியோடு நீரும் சென்று டர்பைனைச் சிதைக்கும். நீராவியை யாரேனும் திடீரென்று மிகுதியாக இழுத்தால் அழுத்தம் தாழ்கிறது. நீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருக்கின்றன. உள்ளிருக்கும் நீர் குறைந்துகொண்டு வரும்போதே மட்டம் உயர்ந்ததுபோல் தோன்றுகிறது. மட்டத்தை மட்டும் பார்க்கும் கண்ட்ரோலர் ஏமாந்து, நீர் வேண்டிய நேரத்தில் நீரை மூடுகிறது. இதைத் தவிர்க்க மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெளியேறும் நீராவியை அளந்து அதற்கு ஈடான நீரை உடனே செலுத்துவது முன்னூட்டம். உட்புகும் நீரை அளந்து காப்பது உள் வட்டம். நீர்மட்டத்தைப் பார்த்து மெல்லத் திருத்துவது வெளி வட்டம். மேலே தனித்தனியாகக் கண்ட முறைகள் இங்கே ஒன்றுசேர்கின்றன. இவ்வளவு செய்தும், நீர் அபாய அளவுக்குத் தாழ்ந்தால் தீயை நிறுத்தும் சாதனம் தனி அளவியோடு தனித்தே இருக்க வேண்டும்; வட்டம் நம்பும் அதே அளவியைக் காவலும் நம்பலாகாது.

கருவிகளுக்கிடையே செல்லும் செய்தியிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றழுத்தத்தால் செய்தி அனுப்பும் கருவிகளில் 3 முதல் 15 பவுண்டு அழுத்தமும், மின்சாரக் கருவிகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் வழக்கமாயின. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? கம்பி அறுந்தால் பூஜ்யம் வரும். 4 வந்தால் அளவு உண்மையாகவே தாழ்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டையும் பிரித்தறிய இதுவே வழி. காற்றோ மின்சாரமோ நின்றுபோனால் வால்வு எந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும். சாயத் தொட்டியின் நீராவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும்; குளிர்நீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும்.

ஆலையைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நிர்வாகக் குழுவினர், படத்தில் ஒரு கோடு ஓயாமல் ஏறி இறங்குவதைக் கண்டால், அந்த வட்டத்தைச் சிறிது நேரம் கைக்கு மாற்றச் சொல்லலாம். பொறுப்பான இயக்குநர் உடனிருக்க வேண்டும், கொதிகலனில் மட்டும் வேண்டாம். வால்வை அசையாமல் வைத்த பிறகும் அலைச்சல் நீடித்தால், காரணம் வேறெங்கோ, பெரும்பாலும் நீராவியிலோ மற்றொரு வட்டத்திலோ இருக்கிறது. கைக்கு மாற்றியதும் அலைச்சல் அடங்கினால், நோய் அவ்வட்டத்துக்குள்ளேயே உள்ளது. அப்போது வால்வுக்கு ஒவ்வொரு பங்காகக் கட்டளை கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பங்கு வரையில் அசையாமல் இருந்து பிறகு திடீரென்று துள்ளுமானால் வால்வின் தண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பைத் தளர்த்திச் சீராக்கிய பிறகே கண்ட்ரோலரின் அளவுகளைத் தொட வேண்டும்.